அந்நியக் கூட்டும் நமது பங்கும்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் ஸ்ரீ ராமாநுஜரை நினைப்பது நம் முன்னோர் வழக்கம். இன்றோ அப்பெயரைக் கேட்பவர் மோட்டார் வண்டியையும் கைத்தொலைபேசியையும் நினைக்கின்றனர். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரையில், ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமியில், கொரியரும் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் தைவான் தேசத்தாரும் நிறுவிய ஆலைகள் வரிசையாய் நிற்கின்றன. 1998-ல் ஹியுண்டாயின் முதல் வண்டி அங்கே வெளிவந்த நாள் முதல் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞரும் பெண்களும் அவ்வாலைகளால் பிழைத்து வருகின்றனர். இதைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று.

இப்பொழுது அதே பிரதேசத்தில் வேறொரு வகைத் தொழிலுக்கு அஸ்திவாரம் இடப்படுகிறது. மருத்துவக் கருவிகள் செய்யும் பூங்காக்களை அமைக்க 2021-ல் மத்திய சர்க்கார் தேர்ந்தெடுத்த நான்கு ராஜ்யங்களுள் தமிழ்நாடும் ஒன்று. பூங்கா ஒன்றுக்கு 100 கோடி ரூபாய் வரையில் மத்திய சர்க்கார் உதவும் என்பது ஏற்பாடு. நமது ராஜ்யம் அதற்கு ஒரகடத்தில் 350 ஏக்கர் நிலத்தை ஒதுக்கியது. மறு ஆண்டு, அதாவது 2022-ல், உயிர் அறிவியல் தொழில்களுக்கென்று ஒரு கொள்கையையும் தமிழ்நாடு சர்க்கார் வெளியிட்டனர். தடுப்பூசி, ஊசி மருந்து, நோயறியும் கருவி, உயிரணுக்களைக் கொண்டு செய்யும் பண்டங்கள் ஆகிய இவற்றையெல்லாம் சேர்த்து உயிரித் தொழில்நுட்பம் என்று இக்காலத்தார் அழைக்கின்றனர். இத்துறையில் பிற தேசத்துப் பல்கலைக்கழகங்களோடும் கம்பெனிகளோடும் கூட்டுச் சேர்ந்து சென்னை, செங்கற்பட்டு, காஞ்சீபுரம், வேலூர் ஆகிய இடங்களை ஒரே வலையாகப் பின்ன வேண்டும் என்று மந்திரிகளும் உத்தியோகஸ்தர்களும் முதலாளிகளும் மேடைதோறும் பேசுகின்றனர்.

நல்ல யோசனைதான். அந்நியர் வாசனையே கூடாது என்று சொல்லும் கட்சியார் அல்லோம் நாம். 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் ‘காலியா’ என்ற கப்பலைப் பிரான்ஸ் தேசத்திலிருந்தே தருவித்தார். கப்பலைக் கட்டியவன் பிரெஞ்சுக்காரன் என்பதற்காக அது சுதேசிக் கப்பல் ஆகாமற் போகவில்லை. பங்குப் பத்திரங்கள் நம்மவர் கையில் இருந்தன. எந்தத் துறைக்கு ஓட்டுவது, என்ன கட்டணம் வாங்குவது என்று தீர்மானித்தவர்கள் நம்மவர்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கலங்கியதும் அந்த அதிகாரத்தைக் கண்டுதான். இரும்பும் மரமும் எந்தத் தேசத்தவை என்று அவன் பார்க்கவில்லை. உயிரித் தொழிலில் அந்நியரோடு கூடும்போதும் நாம் கேட்க வேண்டியது அதே கேள்விதான். ஒப்பந்தக் காலம் முடிந்து கூட்டாளி கப்பலேறிய பிறகு இங்கே மிஞ்சுவது யாது?

இக்கேள்வியை வீண் சந்தேகம் என்று தள்ளுவோர் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் விசாரித்து வரட்டும். 1992-ல் சென்னையில் தோன்றிய ஆர்க்கிட் என்ற மருந்துக் கம்பெனி, கிருமிகளைக் கொல்லும் மருந்துகளைச் செய்வதில் விரைவிலேயே பெயர் பெற்றது. அதன் ஊசி மருந்து ஆலையும் மருந்து ஆராய்ச்சிக்கூடமும் இருங்காட்டுக்கோட்டையில் இருந்தன. தூசியும் கிருமியும் அணுகாத அறைகளில் ஊசி மருந்தைக் குப்பியில் நிரப்பி மூடுவது எளிய வேலையன்று. பல ஆண்டுப் பழக்கத்தால் கை தேற வேண்டிய வித்தை. அந்த வித்தையை நம் பையன்கள் கற்றுத் தேர்ந்தார்கள். கம்பெனிக்குக் கடன் சுமை ஏறிற்று. 2010-ல் ஊசி மருந்துத் தொழிலை ஹாஸ்பிரா என்ற அமெரிக்கக் கம்பெனி ஏறத்தாழ 40 கோடி டாலருக்கு வாங்கியது. ஆலையோடு ஆராய்ச்சிக்கூடமும் கைமாறிற்று. 2015-ல் ஹாஸ்பிராவையே பைசர் கம்பெனி வாங்கிவிட்டது. 2019 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையிலும் மகாராஷ்டிரத்து ஔரங்காபாத்திலும் உற்பத்தியை நிறுத்துவதாகப் பைசர் அறிவித்தது. அவ்விரண்டு இடங்களிலும் சேர்த்துச் சுமார் 1,700 பேர் வேலை பார்த்து வந்தனர். சரக்குக்குக் கிராக்கி நெடுங்காலத்துக்குக் குறைந்துபோயிற்று என்பது கம்பெனியார் சொன்ன காரணம்.

விற்றவர் மேலும் வாங்கியவர் மேலும் நாம் குற்றம் சாட்டவில்லை. ஒருவர் தம் பொருளை விற்றார். மற்றவர் விலை கொடுத்து வாங்கினார். வாங்கியவர் தம் கணக்குப்படி மூடினார். வியாபாரம் அவ்வளவே. நாம் கேட்பது நமது சர்க்காரை. அவ்வாலை நின்ற நிலம் பொது நிலம். சலுகை பொதுச் சலுகை. தொழிலாளி படித்த பள்ளிக்கூடமும் பாலிடெக்னிக்கும் பெரும்பாலும் பொதுப் பணத்தில் நடந்தவை. அப்படியிருக்க, அவ்வாலையின் கதி என்னவாகும் என்று எங்கோ அமெரிக்காவில் ஒரு மேஜையைச் சுற்றித் தீர்மானித்தபோது நமது சர்க்கார் சொல்லக்கூடிய வார்த்தை ஒன்றுமில்லாமற் போனது ஏன்? 2014 நவம்பர் முதல் தேதியன்று ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை கதவடைத்தபோதே இந்தப் பாடம் கிடைத்திருந்தது. ஐந்தாண்டுகள் கழித்தும் நாம் அதைப் படிக்கவில்லை.

இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022-ல் அதே பைசர் கம்பெனி சென்னை ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிப் பூங்காவில் சுமார் 150 கோடி ரூபாய் செலவில் மருந்து அபிவிருத்தி நிலையம் ஒன்றைத் திறந்தது. நம்மவர் அறிவில் அக்கம்பெனிக்கு ஐயமில்லை என்பது இதனால் விளங்குகிறது. மகிழ்ச்சிதான். ஆயினும் கம்பெனியின் சம்பளத்தில் அங்கே விளையும் அறிவு கம்பெனிக்கே சொந்தம் என்பதையும் மறந்துவிடலாகாது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் நமது சேத்துப்பட்டில் இருக்கிறது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நால்வரும் சேர்ந்து க்ஷயரோக மருந்து நிலையம் ஒன்றைச் சென்னையில் தொடங்கினர். க்ஷயம் கண்டவனைத் தாம்பரம் போன்ற இடத்துச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, நல்ல காற்றும் பாலும் முட்டையும் கொடுத்துப் பார்ப்பதே அக்காலத்தில் உயர்ந்த வைத்தியம். ஏழைக்கு அது எங்கே கிட்டும்? படுக்கைகள் சில நூறு. நோயாளிகளோ பல லக்ஷம். வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியரும் நம் நாட்டு வைத்தியர்களும் சேர்ந்து சென்னையின் ஏழைத் தெருக்களில் வாழ்ந்த 193 நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவாருக்குச் சானடோரியம். மற்றவருக்கு அவரவர் வீட்டிலேயே மருந்து. வீட்டிலிருந்தவர்கள் அரை வயிற்றுச் சாப்பாட்டோடு, ஓர் அறையில் பலர் நெருங்கிப் படுத்திருந்தனர். இருந்தும் ஓராண்டு முடிவில் இரு பிரிவாரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்திருந்தனர். வீட்டில் இருந்தவரால் குடும்பத்தாருக்கு அதிகப்படியாக நோய் தொற்றவுமில்லை.

1959-ல் இம்முடிவு வெளியாயிற்று. உலகெங்கும் க்ஷயரோக வைத்தியமே திசை திரும்பியது. பணக்கார தேசங்களும் சானடோரியங்களை மூடலாயின. சென்னைச் சேரியில் கண்ட உண்மையை லண்டன் நகரத்து வைத்தியர்கள் கையாண்டனர். வெளிநாட்டு நிபுணர்கள் காலப்போக்கில் விடைபெற்றுச் சென்றனர். நிலையமோ இங்கேயே நின்றது. அதுவே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரோடு நம்மவர்களால் நடத்தப்பட்டு வருகிறது. கூட்டு என்று நாம் சொல்வது இதைத்தான். கேள்வி நம்முடையது, நோயாளி நம்மவர், வந்தவர் தம் முறையைக் கற்றுக் கொடுத்தார், தாமும் கற்றுக்கொண்டு போனார்.

அடுத்த கதை ஸ்ரீபெரும்புதூருக்கு இன்னும் நெருங்கியது. 1948-ல் கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பு மருந்து ஆலை ஏற்பட்டது. அதற்கும் சர்வதேச ஸ்தாபனங்களின் உதவி உண்டு. அம்மருந்தை ஊர் ஊராய்ப் போய்க் குழந்தைகளுக்குக் குத்தியபோது, 1955-ல் ராஜாஜி அதைக் கடுமையாய் எதிர்த்து எழுதினார். பெரிய தலைவர் விஞ்ஞானத்தில் தலையிடலாமா என்று சிலர் நகைத்தனர். அவர் சொன்ன காரணங்களெல்லாம் சரியென்று நாமும் ஒப்பவில்லை. ஆனால் இம்மண்ணில் அம்மருந்து எவ்வளவு பலிக்கிறது என்பதற்கு அன்று எவரிடமும் திட்டமான விடை இல்லை. விடை காண 1968-ல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒரு பரீட்சை தொடங்கிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு உலக சுகாதார ஸ்தாபனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதார இலாகாவும் சேர்ந்துகொண்டன. ஏறத்தாழ 3,60,000 ஜனங்கள் வாழ்ந்த கிராமங்களும் பேரூர்களும் அதில் அடங்கின. உலகிலேயே மிகப் பெரிய தடுப்பூசிப் பரீட்சைகளில் அது ஒன்று. நுரையீரலில் வரும் க்ஷயத்தை அம்மருந்து தடுக்கவில்லை என்று 1979-ல் முதல் அறிக்கை கூறிற்று. மேல்நாட்டு நிபுணர் பலரால் நம்பவே முடியவில்லை. சிறு குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய வகைகளை அது தடுக்கும் என்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்கு அதைக் குத்துகிறோம். அதைக் கைவிட வேண்டுமென்று எவரும் இங்கே பொருள் கொள்ளலாகாது. நாம் காட்ட விரும்புவது, அந்தக் கிராமத்து ஜனங்கள் கை நீட்டியிராவிடில் உலகத்துக்கு இவ்வுண்மை தெரிந்திராது என்பதே. அம்மாவட்டத்தின் பழைய எல்லைக்குள்ளேதான் ஒரகடம் இருக்கிறது. அங்கே விஞ்ஞானத்தை இனிமேல்தான் கொண்டுவரப் போவதாகப் பேசுவோர் இதைச் சற்றே நினைவில் வைப்பது நலம்.

வேலூரை மறக்கலாமா? 1980-களில் டில்லி ஆஸ்பத்திரியில் பிறந்த சிசுக்கள் சிலவற்றில், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா கிருமியின் ஒரு வகை காணப்பட்டது. அக்கிருமி தொற்றியும் சிசுக்களுக்கு நோய் வரவில்லை. டாக்டர் எம். கே. பான் அவர்களும் துணைவர்களும் இதைப் பிடித்துக்கொண்டு தடுப்பு மருந்து செய்ய முயன்றனர். இந்தியாவும் அமெரிக்காவும் 1987-ல் செய்துகொண்ட தடுப்பூசி உடன்படிக்கை கைகொடுத்தது. அமெரிக்க ஆராய்ச்சிக் கூடங்கள் உதவின. மருந்தைச் செய்யும் வேலை ஹைதராபாத்திலுள்ள பாரத் பயோடெக் கம்பெனிக்குக் கிடைத்தது. டில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 சிசுக்களிடம் பரீட்சை நடந்தது. வேலூரில் அதை நடத்தியது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. கடுமையான வயிற்றுப்போக்கில் பாதிக்கு மேல் தடுபட்டது. 2015-ல் மருந்து வெளியாயிற்று. ஒரு வேளை மருந்தை ஒரு டாலருக்குத் தருவதாகக் கம்பெனி முன்கூட்டியே வாக்களித்திருந்தது என்பதை நமது உத்தியோகஸ்தர்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கிருமி இங்கே கண்டது, பரீட்சை இங்கே நடந்தது, ஆகவே விலையும் எங்கள் ஏழைக்கு எட்டுவதாய் இருக்க வேண்டும் என்று சொல்லக்கூடிய நிலையில் நாம் இருந்தோம், சொன்னோம், பலித்தது.

ஆயினும் தமிழனுக்கு இதில் ஒரு சிறு வருத்தமும் உண்டு. பாரத் பயோடெக்கை நிறுவிய கிருஷ்ணா எல்லா அவர்கள் நமது திருத்தணிப் பக்கத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர் 1996-ல் கம்பெனியை ஏற்படுத்தியது ஹைதராபாத்தில். ஏன் ஒரகடத்தில் இல்லை? காரணங்களில் ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததே. அங்கே பெரிய பொது ஆராய்ச்சிக்கூடங்களும், மருந்துத் தொழிலில் பழகிய கைகளும் ஏற்கெனவே இருந்தன. 1961-ல் இந்திய சர்க்கார் சோவியத் ருஷ்யாவின் உதவியோடு ஐ.டி.பி.எல். என்ற மருந்துக் கம்பெனியைத் தொடங்கியபோது ரிஷிகேசத்தில் ஓர் ஆலை, ஹைதராபாத்தில் ஓர் ஆலை, சென்னை நந்தம்பாக்கத்தில் ஓர் ஆலை என்று மூன்று வைத்தார்கள். சென்னைக்குக் கிடைத்தது சத்திர சிகிச்சைக் கருவிகள் செய்யும் ஆலை. ஆம், ஒரகடத்தில் இன்று மருத்துவக் கருவிகளுக்குப் பூங்கா என்கிறோமே, அதற்கு அறுபது வருஷத்துக்கு முன்பே நந்தம்பாக்கத்தில் விதை ஊன்றியாயிற்று. ஹைதராபாத் ஆலையில் வேலை கற்று வெளிவந்த அஞ்சி ரெட்டி போன்றவர்கள் தாமே கம்பெனிகள் தொடங்கி அந்நகரை மருந்து நகராக்கினர். நந்தம்பாக்கத்திலோ ருஷ்யர் கொடுத்த மாதிரிப்படியே கத்தியும் கத்தரியும் செய்தார்கள். ஆங்கிலேய மாதிரிக்குப் பழகிய நம் டாக்டர்களின் கைக்கு அவை ஒத்துவரவில்லை. டாக்டரைக் கேட்டு, மாதிரியைத் திருத்தி, புதிதாய் ஒன்றைச் செய்து பார்க்கும் வழக்கம் அங்கே வேரூன்றவில்லை. ஒரே தேசத்து உதவி, ஒரே கம்பெனி, இரண்டு ஊர்கள், இரண்டு பலன்கள்!

அந்நியரை மட்டும் கேள்வி கேட்டு நம்மை விட்டுவிடுவது நியாயமாகாது. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 100 ஏக்கர் நிலத்தில் மத்திய சர்க்காரின் தடுப்பூசி ஆலை ஒன்று 594 கோடி ரூபாய் மதிப்பில் 2012-ல் அனுமதிக்கப்பட்டது. கட்டடங்கள் எழும்பின, யந்திரங்கள் வந்தன. 2021-ல் கொரோனா நோயால் ஜனங்கள் மூச்சுத் திணறி மாண்டுகொண்டிருந்த மே மாதத்தில் நமது முதல் மந்திரி அங்கே சென்று பார்த்தபோது அவ்வாலை உற்பத்தியின்றி நின்றது. ராஜ்யத்துக்குக் குத்தகைக்குக் கொடுங்கள், நாங்கள் நடத்துகிறோம் என்று அவர் பிரதம மந்திரிக்கு எழுதினார். தடுப்பூசிக்காக நாடு ஏங்கிய காலத்தில் தடுப்பூசி ஆலை தூங்கிய வேடிக்கை வேறெந்தத் தேசத்தில் நடக்கும்? இதற்குமுன் 2008-ல் கிண்டி பி.சி.ஜி. ஆலை, குன்னூர் பாஸ்டர் நிலையம், கசௌலி நிலையம் ஆகிய மூன்று பொது ஸ்தாபனங்களின் லைசென்ஸும் ஒரே வீச்சில் நிறுத்தி வைக்கப்பட்டு, 2010-ல்தான் அவ்வுத்தரவு நீக்கப்பட்டது. சொந்த வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு அண்டை வீட்டாரோடு கூட்டுச் சமையல் பேசப் போகிறவனை எவன் மதிப்பான்? கூட்டாளியாக உட்கார வேண்டுமானால் நம் கையிலும் ஓர் ஆய்வுக்கூடம், ஓர் ஆலை, ஒரு வித்தை இருந்தாக வேண்டும்.

அப்படியொரு வித்தை, உலகில் வேறெவரிடமும் இல்லாத அளவுக்கு, ஒரகடத்திலிருந்து கீழ்த்திசையில் கடற்கரை ஓரமாய் இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிக்கும் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தோன்றியது. பாம்புத் தோல் வியாபாரத்தைச் சட்டம் தடுத்தபின் பிழைப்பிழந்து நின்ற இருளர்களுக்கு, அமெரிக்காவில் பிறந்து இந்தியாவையே வீடாக்கிக்கொண்ட ரோமுலஸ் விட்டேகர் என்பவர் துணைநின்றார். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரங்கள் வைத்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுவார்கள். அவ்விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றினால் குதிரையின் ரத்தத்தில் எதிர்ச்சத்து உண்டாகிறது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, உலர்த்தி, குப்பியில் அடைத்தால் அதுவே விஷமுறிவு மருந்து. இந்தியாவில் செய்யப்படும் மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இச்சங்கம் கொடுத்ததே. ஆனால் விஷம் மும்பைக்கும் புனேவுக்கும் ஹைதராபாத்துக்கும் போகிறது. குப்பி அங்கிருந்து திரும்பி வருகிறது. விலைப்பட்டியலில் இருளனுக்குரிய வரி எவ்வளவு சிறியது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

விஷயம் சிறியதன்று. 2000 முதல் 2019 வரையில் இந்தியாவில் பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 லக்ஷம் பேர் மாண்டனர் என்று 2020-ல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000 உயிர்கள். வரப்பில் நடக்கும் உழவனும், புல்லறுக்கும் பெண்ணும், தரையில் படுத்துறங்கும் குழந்தையுமே அவர்களில் மிகுதி. 2024-ல் தமிழ்நாடு சர்க்கார் பாம்புக் கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது பாராட்டத்தக்க செய்கை. கடலுக்கு அக்கரையிலும் இதே துன்பம்தான். இலங்கை நெடுங்காலமாய் இந்திய மருந்தையே வரவழைத்து வருகிறது. ஆனால் பாம்பு ஒன்றே ஆனாலும் ஊருக்கு ஊர் விஷம் வேறுபடுகிறது. இங்கே எடுத்த விஷத்துக்குச் செய்த மருந்து அங்கே முழுப் பலனைக் கொடுப்பதில்லை. இலங்கைத் தோட்டங்களில் கடிக்கும், மூக்கு நுனி மேடிட்ட ஒரு சிறு விரியனுக்கு இந்த மருந்து ஏற்றதே அன்று. ஆகவே பேராதனைப் பல்கலைக்கழகத்தார் மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிக்காவின் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து தங்கள் நாட்டுப் பாம்புகளுக்குத் தனி மருந்து செய்ய முயன்றனர். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் சென்னை இருக்க, அவர்கள் பூமியின் மறுபாதிக்குப் போனார்கள். நமக்கு இது தலைகுனிவு.

எல்லை கடந்த கூட்டு என்று பேசுகிற நமது சர்க்கார் முதற்கூட்டை இங்கே தொடங்கலாகாதா? விஷம் வடநெம்மேலியில், பாம்பின் வகையும் வசிக்குமிடமும் அறிந்தவர் இருளர். குதிரையைப் பேணும் சாஸ்திரம் மாதவரத்துக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில். மருந்தைச் சோதிக்கும் பழக்கமுள்ள கிங் நிலையம், 1899-ல் தொடங்கியது, கிண்டியில். நோயாளிகளிடம் முறையாகப் பரீட்சை நடத்தும் திறமை வேலூரிலும் சேத்துப்பட்டிலும். ஊசி மருந்தைக் குப்பியில் அடைக்கும் வித்தை அறிந்து 2019-ல் சிதறிப்போன கைகள் இருங்காட்டுக்கோட்டைச் சுற்று வட்டாரத்தில். கிருமி நீக்கவும் சோதிக்கவும் பொது வசதிகளை வைப்பதுதான் ஒரகடப் பூங்காவின் நோக்கமே. குதிரையை விட்டுவிட்டு ஆய்வுக்கூடத்திலேயே எதிர்ச்சத்தை உண்டாக்கும் புதிய முறையில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிலையத்தாரோடு சேர்ந்து 2024-ல் முன்னேற்றம் காட்டியுள்ளனர், அவர்களையும் அழைக்கலாம். பேராதனையும் யாழ்ப்பாணமும் கொழும்பும் தங்கள் பாம்புகளின் விஷ விவரத்தோடு சம பங்காளிகளாய் வரலாம். இருளர் இதில் வெறும் கூலிக்காரர் ஆகமாட்டார்கள் என்பதற்கு அத்தாட்சி வேண்டுவோர் 2017-ஆம் ஆண்டைப் பார்க்கட்டும். மலைப்பாம்புகள் பெருகித் தொல்லை கொடுத்த அமெரிக்காவின் புளோரிடா ராஜ்யத்தார் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவரை அங்கே வரவழைத்தனர். நாய்களையும் பரிசுப் போட்டிகளையும் வைத்துத் திணறியவர்கள், இவ்விருவரும் சில வாரங்களில் இருபதுக்கு மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடித்ததைக் கண்டு வியந்தனர். 2023-ல் இந்திய சர்க்கார் இவர்களுக்குப் பத்மஸ்ரீ அளித்தது.

நிபந்தனை என்று வாய் திறந்தாலே, ‘அவர்கள் ஆந்திரத்துக்கும் குஜராத்துக்கும் போய்விடுவார்கள்’ என்று பயமுறுத்தும் ஒரு கூட்டம் கோட்டையில் எப்போதும் உண்டு. போகக்கூடியவர் போவர், கியா கம்பெனி அனந்தபுரத்துக்குப் போகவில்லையா? மலிவான நிலம் ஒன்றையே தேடி வந்தவரை மலிவான நிலம் வேறிடத்தில் இழுக்கத்தான் செய்யும். அறிவையும் பழகிய கையையும் தேடி வருபவர் அவ்வளவு சுலபமாய்ப் போகார். ஆகவே சிப்காட் நிலத்தை உயிரித் தொழிலுக்குக் குத்தகை விடும்போது, சலுகையின் ஒரு பங்கை இங்கே நடக்கும் ஆராய்ச்சிச் செலவோடு கட்டிவைக்க வேண்டும். பொதுக் கல்லூரியும் பொது ஆஸ்பத்திரியும் சேர்ந்து கண்ட உண்மைக்குப் பேடண்ட் எழுதும்போது அவற்றின் பெயரும் பங்கும் அதில் இருக்க வேண்டும். ஆலையை மூடவோ விற்கவோ நினைக்கும் கம்பெனி முதலில் ராஜ்யத்துக்குத் தெரிவித்து, அதை எடுத்து நடத்த ராஜ்யத்துக்கோ தொழிலாளர் கூட்டுறவுக்கோ சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும். இந்நாட்டுப் பாம்பின் விஷமும் மூலிகையும் கிருமியும் அந்நியர் கைக்குப் போகும்போது அனுமதியும் பலனில் பங்கும் வேண்டும் என்று 2002-ஆம் வருஷத்து உயிரினப் பல்வகைமைச் சட்டம் சொல்கிறது. அச்சட்டத்தை நடத்தும் தேசிய ஆணையமே சென்னையில் இருக்கிறது. புதிய சட்டம் தேவையில்லை. இருப்பதைப் பயன்படுத்தும் துணிவே தேவை.

இவையெல்லாம் நடக்கின்றனவா என்று பார்ப்பதற்கு முதலில் ஒப்பந்தங்கள் நம் கண்ணில் பட வேண்டும். இன்று உடன்படிக்கை கையெழுத்தாகும் அன்று மந்திரியும் கம்பெனித் தலைவரும் கைகுலுக்கும் படம் பத்திரிகைகளில் வருகிறது. முதலீடு இத்தனை கோடி, வேலை இத்தனை ஆயிரம் என்று இரு வரி வருகிறது. மற்றவை இரும்புப் பெட்டிக்குள் போய்விடுகின்றன. நிலத்தைக் கொடுத்த கிராமத்தானுக்கும், வரி கொடுக்கும் நமக்கும், அந்தக் காகிதத்தின் ஷரத்துக்களைப் படிக்கும் உரிமை உண்டு. ஒரகடப் பூங்காவில் இதுவரை இடம் பெற்றவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களைச் சட்டசபையின் மேஜைமேல் வைக்கும்படி ஸ்ரீபெரும்புதூர், காஞ்சீபுரம், செங்கற்பட்டுத் தொகுதிகளின் அங்கத்தினர்கள் வரும் கூட்டத்திலேயே கேட்க வேண்டும். கேட்கும்படி அவர்களை வற்புறுத்துவது அவ்வூர்களிலுள்ள தொண்டர்களின் வேலை. கட்சி பேதம் பாராமல் இதற்கென்று ஒரு விண்ணப்பம் தயாரித்து, இருங்காட்டுக்கோட்டையில் வேலையிழந்தவர்களின் கையொப்பத்தையும் வடநெம்மேலிச் சங்கத்தாரின் கையொப்பத்தையும் அதில் முதலாவதாக வாங்கட்டும்.